பச்சை நரகம் – 8: இருபத்திரண்டேமுக்கால் கிலோமீட்டர்

சென்ற வாரம் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜாக்கி ஸ்டீவர்ட்டை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் தொடக்கக் கோட்டில் மழையில் நனையவிட்டு வந்துவிட்டோம். 1968 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஐஃபல் மலைக்காடு முழுக்க மழை, மழைக்கு மேல் பனிமூட்டம். ஏப்ரலில் முறிந்த மணிக்கட்டு இன்னும் சேரவில்லை. பிளாஸ்டிக் உறை போட்ட கையோடு ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்த மூட்டத்தில் பந்தயத்தை நடத்துவார்களா என்று கேட்டு நிறுத்தியிருந்தேன்.

நடத்தினார்கள்.

அந்த வருஷம் அதுவரை எப்படிப் போயிருந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஏப்ரல் 7-ல் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் இறந்தார். மே 7-ல் இண்டியானாபொலிஸில் மைக் ஸ்பென்ஸ். ஜூன் 8-ல் ஒரு மலையேற்றப் பந்தயத்துக்கான பயிற்சியில் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி. ஜூலை 7-ல் பிரான்ஸின் ரூவானில் ஜோ ஷ்லெஸ்ஸர். மாதத்துக்கு ஒருவர், ஏறக்குறைய அதே தேதியில். இப்போது ஆகஸ்ட் முதல் வாரம், அதுவும் உலகிலேயே மிக ஆபத்தான பந்தயப் பாதை. அந்த வரிசையில் நின்றவர்களில் நாள்காட்டி ஞாபகத்துக்கு வராதவர் யாராவது இருந்திருப்பார்களா?

ஞாயிறு காலையில் கூடுதலாக ஒரு பயிற்சி நேரம் கொடுத்தார்கள். ஸ்டீவர்ட்டுக்குப் போக மனமில்லை. அணித் தலைவர் கென் டிரெல் விடவில்லை. மரவியாபாரியாக இருந்து பந்தயத்துக்கு வந்த மனிதர், கணக்கில் கெட்டி. மழைநீர் எந்தெந்த இடத்தில் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது என்று இப்போதே பார்த்து வைத்தால்தான் பந்தயத்தில் பிழைக்கலாம் என்பது அவர் வாதம். ஸ்டீவர்ட் முணுமுணுத்துக்கொண்டே போனார், பார்த்துவிட்டு வந்தார்.

கொடி அசைந்தது. முதல் சுற்று முடிவதற்குள் ஆறாவது இடத்திலிருந்தவர் முதலிடத்தில் இருந்தார். முன்னால் வண்டி இருந்தால் அதன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரில் எதுவும் தெரியாது. முன்னால் யாருமில்லை என்றால் பனிமூட்டம் மட்டும்தான். பதினான்கு சுற்றுகளும் அந்த வெள்ளைச் சுவருக்குள்தான் ஓடின. 2 மணி 19 நிமிடம் 3 விநாடியில் முடித்தார். இரண்டாவதாக வந்த கிரஹாம் ஹில் கோட்டைத் தொட மேலும் நான்கு நிமிடம் மூன்று விநாடி ஆனது. பந்தயத்தில் வித்தியாசத்தை விநாடியின் பின்னங்களில் சொல்வார்கள். நான்கு நிமிடம் என்பது மிக அபூர்வமான விஷயம்.

ஸ்டீவர்ட் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி இது என்று எழுதாத விளையாட்டு நிருபர் இல்லை. இந்தப் பாதைக்குப் ‘பச்சை நரகம்’ என்று பெயர் சூட்டியவரும் அவர்தான். பெயரை ரசிகர்கள் கொண்டாடினார்கள், டி-ஷர்ட்டில்கூட அச்சடித்துக்கொண்டார்கள். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. ஜெர்மன் பந்தயத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டு வாசல் பாதையின் முனையில் வண்டியை நிறுத்தி ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராம், மறுபடி இந்த வீட்டுக்கு வருவோமோ என்னவோ என்று. அதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்டவரைக் கோழை என்றார்கள். அந்தக் கதைக்கு வருவதற்கு முன், இரண்டு வருஷம் பின்னால் போய் ஒரு ஸ்பேனரைப் பார்த்துவிட்டு வருவோம்.

1966 ஜூன், பெல்ஜியத்தில் ஸ்பா பந்தயம். முதல் சுற்றிலேயே கொட்டிய மழையில் ஸ்டீவர்ட்டின் பி.ஆர்.எம். சாலையை விட்டுப் பறந்து நசுங்கியது. ஸ்டீயரிங் அவர் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் டேங்க் உடைந்து உடம்பெல்லாம் எரிபொருள். ஒரு பொறி பட்டால் போதும். ஓடி வந்தது தீயணைப்புப் படை அல்ல. அதே மழையில் சறுக்கி வெளியே போயிருந்த கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும்தான். ஸ்டீயரிங்கைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஒரு பார்வையாளரின் காரிலிருந்த கருவிப் பெட்டியிலிருந்து வாங்கி வந்தார்கள். வெளியே எடுக்க 25 நிமிடம் ஆயிற்று. உலகப் போட்டி, ஆனால் ஓட்டுநரின் உயிர், வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் காரில் ஸ்பேனர் வைத்திருந்ததை நம்பி இருந்தது. அதற்குப் பிறகு ஸ்டீவர்ட் ஓட்டிய வண்டிகளின் ஸ்டீயரிங்கில் ஒரு ஸ்பேனர் டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கும்.

அந்த ஸ்பேனரோடுதான் அவர் பாதுகாப்பு இயக்கமும் தொடங்கியது. இரும்புத் தடுப்பு போடுங்கள், மரங்களை வெட்டுங்கள், டாக்டர்களை வையுங்கள், முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டும் பெல்ட்டும் கட்டாயமாக்குங்கள் என்று போகிற இடமெல்லாம் பேசினார். எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ‘மோட்டார் ஸ்போர்ட்’ இதழின் டெனிஸ் ஜென்கின்சன் தன் பத்தியில் அவரை விளாசினார். இந்த ஜென்கின்சன் 1955-ல் ஸ்டிர்லிங் மாஸின் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வழிக்குறிப்புச் சுருளைக் கையில் பிடித்தபடி, இத்தாலியின் ஆயிரம் மைல் சாலைப் பந்தயத்தை முடித்தவர். நாற்காலி வீரர் என்று யாரும் அவரைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் அவர் சொன்னது எடுபட்டது. ஆனாலும் அவர் சொன்னது தப்பு என்றே எனக்குப் படுகிறது. ஆபத்தை ஒருவர் தனக்காகத் தேர்ந்தெடுப்பது வேறு. தடுக்கக்கூடிய சாவை விளையாட்டின் அழகு என்று மற்றவர் தலையில் கட்டுவது வேறு.

நூர்பர்க்ரிங் விஷயத்தில் பிரச்சினை துணிச்சலே அல்ல. நீளம்.

இந்தத் தொடரின் இரண்டாவது வாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1925-ல் அடெனாவ் வட்டார நிர்வாகி ஓட்டோ க்ரொய்ட்ஸ், பஞ்சம் பிழைக்க வழியில்லாத ஐஃபல் மலை மக்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்த பணி இது. ஆட்களுக்குக் கூலி, ஜெர்மன் கார் கம்பெனிகளுக்குப் பரீட்சைக்களம், இரண்டும் ஒரே திட்டத்தில். அதனால் பாதை எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. நூர்பர்க் கோட்டையைச் சுற்றிக் காட்டையும் மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே வளைத்துப் போட்டார்கள். பந்தயம் நடந்த வடக்கு வளையம் மட்டும் 22.8 கிலோமீட்டர். 170-க்கும் மேற்பட்ட வளைவுகள். மிக உயர்ந்த இடத்துக்கும் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் 300 மீட்டர் வித்தியாசம். பிட்டில் வெயில் அடிக்கும்போது ப்ரைட்ஷைட் பாலத்தடியில் மழை பெய்துகொண்டிருக்கும். கீழே தெளிவாக இருக்கும்போது ஹோஹே ஆக்ட் மேட்டில் மூட்டம் இறங்கியிருக்கும். எந்த டயரைப் போட்டாலும் பாதையின் ஒரு பகுதிக்கு அது தப்பான டயர்.

மொனாக்கோவில் ஓட்டுநர் ஒரே வளைவை ஒரு பந்தயத்தில் எழுபது எண்பது முறை பார்த்துவிடுவார். ரிங்கில் பதினான்கே முறை. ஒரு வளைவைப் பார்த்துவிட்டு மறுபடி அங்கே வருவதற்குள் ஏழெட்டு நிமிடம் ஓடிவிடும். அதற்குள் அங்கே எண்ணெய் கொட்டியிருக்கலாம், மழை பிடித்திருக்கலாம், ஒரு வண்டி கவிழ்ந்து கிடக்கலாம். கருசெல் என்ற வளைவில் உள்ளோரமாகச் சாய்ந்த காங்கிரீட் கால்வாய் ஒன்று உண்டு. வண்டியை அப்படியே அதற்குள் இறக்கிப் பல் கிட்டிக்க ஓட்ட வேண்டும். கிட்டே போகும்வரை வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எதிரே தெரியும் மிக உயரமான மரத்தைக் குறிவைத்துத் திருப்பு என்று ஃபாஞ்ஜியோ சொல்லிக்கொடுத்ததாக ஒரு கதை உலவுகிறது. கதைதானோ என்னவோ, அந்தப் பாதையில் ஓட்டியவர்கள் யாரும் அதை மறுத்ததில்லை.

மனப்பாடம்தான் அங்கே வித்தை. ஆனால் மனப்பாடம் செய்த ஓட்டுநருக்கும் விபத்து நடந்தால்? அத்தனை தூரத்துக்குக் கொடி காட்ட, தீயணைக்க, தூக்கிச் செல்ல ஆள் எங்கே? வழக்கமான பாதைக்குத் தேவைப்படுவதைப் போல ஐந்து மடங்கு ஆட்கள் இங்கே தேவைப்பட்டார்கள்.

1969 ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை. பயிற்சியின்போது ஜெர்மனியின் கெர்ஹார்ட் மிட்டர் ஓட்டிய பி.எம்.டபிள்யூ. சாலையை விட்டு விலகியது. ஐரோப்பாவின் மலையேற்றப் பந்தயச் சாம்பியன். வண்டி ஓட்டுவது அவருக்குப் புதிதல்ல. பிழைக்கவில்லை. தேதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடையில் ஓட்டுநர்கள் சங்கம் சொல்லிவிட்டது: பாதையைத் திருத்தாமல் வர மாட்டோம். நிர்வாகம் கால அவகாசம் இல்லை என்றது. சரி, அப்படியானால் பந்தயமும் இல்லை என்றார்கள் ஓட்டுநர்கள். 1970 ஜெர்மன் கிராண்ட் பிரிக்ஸ் ஹாக்கன்ஹைமுக்குப் போனது. கிளார்க் இறந்த அதே இடம், ஆனால் அங்கே தடுப்புகள் போடப்பட்டிருந்தன. அங்கே ஜெயித்த யோகன் ரிண்ட் ஐந்து வாரத்தில் மோன்ஸாவில் இறந்தார் என்பது இந்தத் தொழிலின் லட்சணம்.

ரிங் நிர்வாகம் இறங்கி வந்தது. மேடுகளைச் சீவினார்கள், புதர்களை அழித்தார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், இரும்புத் தடுப்பு போட்டார்கள். 1971-ல் பந்தயம் திரும்பியது, ஸ்டீவர்ட்டே ஜெயித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகத் தோன்றும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மேடு சீவப்பட்ட சாலையில் வண்டி தாவாது. தாவாத வண்டி வேகமாகப் போகும். 1969-ல் ஜாக்கி இக்ஸ் தகுதிச்சுற்றில் எடுத்த நேரம் 7 நிமிடம் 42 விநாடி. 1971-ல் ஸ்டீவர்ட் எடுத்தது 7:19. டயரும் எஞ்சினும் இறக்கைகளும் வளர்ந்தது ஒரு பக்கம், திருத்திய சாலை இன்னொரு பக்கம்; வருஷா வருஷம் நேரம் குறைந்துகொண்டே வந்தது. தடுப்புக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. பாதுகாப்புக்காகச் செய்த வேலை, பாதையை இன்னும் வேகமாக்கிவிட்டது.

ஏழு நிமிடத்துக்குக் கீழே யாராவது போவார்களா என்பதுதான் அப்போது பெட்டிக்கடை வரை பேச்சு. போனவர் ஓர் ஆஸ்திரியர். முன்பற்கள் துருத்திய முகம், நகைச்சுவையே இல்லாததைப் போன்ற பேச்சு, மெக்கானிக்குகளோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து வண்டியைப் பேசித் தீர்க்கும் பழக்கம். நிக்கி லாடா.

இந்த ரிங் லாடாவைச் சும்மா விட்டதே இல்லை. 1973-ல் இங்கே ஃபார்முலா ஒன் ஓட்டியபோது மோதி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அடுத்த பந்தயத்தில் அவரால் ஓட முடியவில்லை. 1974-ல் ஃபெராரியில் முதலிடத்திலிருந்து கிளம்பி, முதல் சுற்றிலேயே ஜோடி ஷெக்டருடன் மோதி வெளியேறினார். 1975-ல்தான் அந்த நேரம்: 6 நிமிடம் 58.6 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 196 கிலோமீட்டர், வளைவுகளையும் சேர்த்து. அந்த நீள ரிங்கில் ஏழு நிமிடத்தை உடைத்த ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அவர்தான். பந்தயத்தில் கூரான கற்கள் பலருடைய டயரைக் கிழித்தன. லாடாவும் பஞ்சர் ஆகி மூன்றாவதாகத்தான் வந்தார்.

இப்போது 1976. ரிங்கில் ஃபார்முலா ஒன் பந்தயம் இதுவே கடைசி என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இவ்வளவு நீளத்துக்குப் பாதுகாப்புச் செய்யப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. தொலைக்காட்சிக்காரர்களும் முகம் சுளித்தார்கள். காட்டுக்குள் இவ்வளவு தூரம் கேமரா போட்டுக் கட்டுப்படியாகாது. கடைசியாக ஒருமுறை ஓடிவிட்டுப் போய்விடலாம் என்று எல்லாரும் தோள்குலுக்கியபோது, வேண்டாம் என்றவர் லாடா. ரிங்கின் மிக வேகமான மனிதரே சொன்னார். வராமல் இருந்துவிடுவோம் என்று சக ஓட்டுநர்களிடம் பேசினார். பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘ரஷ்’ படம் பார்த்தவர்கள் இந்தக் கூட்டம் பந்தய நாளன்று நடந்ததாக நினைப்பார்கள்; திரைக்கதைக்கு அது வசதி, நிஜத்தில் பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. தோற்ற லாடா கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. உலகச் சாம்பியன், புள்ளிப் பட்டியலில் முதலிடம். வந்தார், தகுதிச்சுற்றில் ஜேம்ஸ் ஹண்டுக்கு அடுத்த இடம் பிடித்தார்.

பந்தய நாள் ஆகஸ்ட் 1. மனதில் வைக்கச் சொன்ன தேதி. மிட்டர் இறந்து ஏழு வருஷம்.

தொடங்குமுன் மழை. வழக்கம்போல எங்கெல்லாம் பெய்தது, எங்கெல்லாம் பெய்யவில்லை என்று பிட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. வரிசையில் நின்றவர்கள் மழை டயர் போட்டார்கள், ஒருவர் தவிர. மெக்லாரனின் யோகன் மாஸ், உள்ளூர் ஜெர்மானியர், இந்த மலையின் வானத்தைத் தெரிந்தவர், வழுவழு ஸ்லிக் டயரில் சூதாடினார். முதல் சுற்று முடியும்போதே சூதாட்டம் பலித்துவிட்டது தெரிந்தது. சாலை காய்ந்துகொண்டிருந்தது. மழை டயரில் இருந்தவர்கள் கூட்டமாகப் பிட்டுக்குள் நுழைந்தார்கள். தொடக்கத்திலேயே பின்தங்கியிருந்த லாடாவும் நுழைந்தார். நான்கு டயர் மாற வேண்டும். இன்றைக்குப் போல இரண்டு விநாடி வேலை அல்ல அது. சூடேறாத புது ஸ்லிக் டயர்களோடு சிவப்பு ஃபெராரி வெளியே பாய்ந்தது. மாஸோ வெகு தூரம் முன்னால்.

இழந்த நேரத்தைப் பிடிக்க வேண்டும். ஃப்ளூக்ப்ளாட்ஸ் மேட்டைத் தாண்டினார். நரிக்குழாய் என்று பொருள்படும் ஃபுக்ஸ்ரோரே இறக்கம். ப்ரைட்ஷைட் பாலம். எக்ஸ்மூலேயிலிருந்து ஏற்றம். வழியில் கய் எட்வர்ட்ஸின் ஹெஸ்கெத்தை முந்தினார். பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு வேகமான வெட்டு உண்டு. வளைவு என்றே எண்ணத் தகாத இடம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போவார்கள்.

பிட்டிலிருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ் வந்தார், கடந்தார். அவருக்குப் பின்னால் வெகுநேரம் கழித்து குன்னார் நில்சன். இன்னும் சிலர். பிறகு சத்தம் நின்றுவிட்டது. வர வேண்டிய வண்டிகள் வரவில்லை. சுற்றில் பாதி தூரத்துக்கு அப்பால், காட்டுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க அந்தப் பக்கம் டி.வி. கேமரா ஒன்றுகூட இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் கையில் ஓடிக்கொண்டிருந்த 8 மி.மீ. கேமராதான் இன்று உலகத்துக்கு இருக்கிற சாட்சி.

அதில் பதிவானது இது: இடப்பக்கம் போக வேண்டிய ஃபெராரி வலப்பக்கம் வெட்டுகிறது. தடுப்பு வலையைப் பிய்த்துக்கொண்டு மண்மேட்டில் மோதுகிறது. தீப்பிடித்தபடி சுழன்று நடுச்சாலைக்கே திரும்பி வருகிறது. எட்வர்ட்ஸ் எப்படியோ ஒதுங்கிவிடுகிறார். அடுத்து வந்த பிரெட் லங்கருக்கு ஒதுங்க இடமில்லை, மோதுகிறார். ஹெரால்ட் எர்ட்லும் மோதுகிறார்.

மூவரும் தங்கள் வண்டிகளை விட்டு இறங்கி நெருப்பை நோக்கி ஓடினார்கள். லாடா உள்ளே. பெல்ட் பூட்டியிருக்கிறது. மூவரும் முயன்று பார்த்தும் வெளியே எடுக்க முடியவில்லை.

அப்போது நான்காவதாக ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஓடி வந்தவர் ஓர் இத்தாலியர். 1973-ல் அவரும் ஃபெராரியின் ஓட்டுநர்தான். மறு வருஷம் அவர் பெயர் பட்டியலில் இல்லை; அந்த இருக்கைகளில் கிளே ரெகாஸோனியையும் நிக்கி லாடாவையும் உட்கார வைத்திருந்தார்கள்.

(தொடரும்)